ஆழியாறு முதல் அக்காமலை வரை: பாசி சொல்லும் ஈரக்கணக்கு

பொள்ளாச்சிச் சந்தையில் கறி மசாலாச் சாமான் வாங்கினால் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூவோடு கருப்பும் சாம்பலுமாய்ச் சுருண்ட சருகு போல ஒன்றையும் கொஞ்சம் அள்ளிப் போடுவார்கள். அதுதான் கல்பாசி. பெயரில்தான் பாசி இருக்கிறது. உண்மையில் அது ஒரு பூஞ்சையும் அதற்குள் குடியிருக்கும் நுண்ணிய பச்சை உயிரியும் கூட்டாக வாழும் லைக்கன். பாலோடு காய்ச்சி உறைய வைக்கிற கடல்பாசி, கடலில் வளரும் செம்பாசிகளிலிருந்து எடுப்பது. குளத்தில் பச்சை நூலாய் மிதப்பது வேறொன்று. அப்புறம், கிணற்றின் உள்சுவரிலும், பழைய சுற்றுச்சுவரின் தலையிலும், மழைக்குப் பின் ஓட்டுக் கூரையிலும் பச்சை வெல்வெட் விரித்தாற்போல் வருமே, அதையும் பாசி என்றே சொல்கிறோம்.

கடைசியாகச் சொன்ன அந்த வெல்வெட்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அது பெரும்பாலும் தண்டும் இலையும் உள்ள நிலத்தாவரம். மாஸ் என்பது அதன் ஒரு பிரிவு, லிவர்வொர்ட் இன்னொரு பிரிவு, ஹார்ன்வொர்ட் மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பாடநூல்கள் பிரையோஃபைட்டு என்கின்றன. உலகில் ஏறத்தாழ 20,000 இனங்கள். மாஸ் சுமார் 12,000, லிவர்வொர்ட் 7,000-க்கு மேல், ஹார்ன்வொர்ட் 200-ஐ ஒட்டி. நிலத்தாவரங்களில் பூக்கும் தாவரங்களுக்கு அடுத்த பெரிய கூட்டம் இதுதான். இவ்வளவையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டதால், அதைத் தனித்தனியாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு வரவில்லை என்று எனக்குத் தோன்றும்.

சின்ன வயதில் தொட்டி மேட்டில் ஏறும்போதெல்லாம் அமுச்சி (அம்மாவின் அம்மா), "கண்ணு, பாசி புடிச்சிருக்குது, பாத்துக் கால வையி" என்பார். வழுக்கிவிடுவது பெரும்பாலும் மாஸ் இல்லை. ஈர சிமெண்டில் கண்ணுக்குத் தெரியாத அளவில் படரும் ஆல்காவின் கொழகொழப்பு. மாஸ் கம்பளி போலச் சொரசொரவென்று இருக்கும். இது எனக்குத் தெரிய வந்தபோது அமுச்சி இல்லை. இருந்திருந்தால் தொட்டியோரம் உட்கார வைத்துக் காட்டியிருப்பேன்.

முதலில் அது எப்படி வாழ்கிறது என்று பார்ப்போம். மாஸுக்கு வேர் கிடையாது. அடியில் இருக்கும் மெல்லிய நூல்கள் பிடித்துக்கொள்ளத்தான். தண்ணீர் உறிஞ்சுவது பெரும்பாலும் உடம்பு முழுவதும். பெரும்பாலானவற்றின் இலை ஒரே ஒரு செல் கனம்தான். மழைத்துளி விழுந்தால் சில நொடிகளில் குடித்துவிடும். வெயில் வந்தால் அதே வேகத்தில் காய்ந்துவிடும். தென்னையும் மாவும் வெயிலில் உள்ளே நீரைத் தேக்கி வைத்துப் போராடும். மாஸ் போராடுவதே இல்லை. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு தானும் காய்ந்து, மூச்சை நிறுத்திக் கிடக்கும். ஈரம் திரும்பியதும் செல் சவ்வுகளைச் சரிசெய்துகொண்டு மறுபடி பச்சையாகும். பங்குனியில் எங்கள் சுற்றுச்சுவரில் கருஞ்சுருளாகக் கிடப்பதைச் செத்துப்போனது என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்பக்கமாகச் சுருண்ட இலைகள் அரை நிமிடத்துக்குள் நட்சத்திரம் போல விரியும். ஊர்ச் சுவர்களில் அப்படி விரிவது அநேகமாக ஹையோஃபிலா இன்வொல்யூட்டா. வெப்பமண்டல நாடுகளின் ஊர்ச் சுவர்களிலெல்லாம் குடியிருக்கும் இனம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. நம் உடல் செல்களில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. மாஸின் பச்சைச் செடியில் ஒற்றைத் தொகுதிதான். அந்தச் செடியில் உருவாகும் விந்தணு, இரண்டு வாலால் நீந்தி முட்டையை அடைய வேண்டும். அதற்கு மழைநீரோ பனித்துளியோ ஒரு மெல்லிய படலமாவது வேண்டும். கரு உருவானதும் தாய்ச்செடியின் தலையிலேயே ஒரு காம்பும் நுனியில் சிறு குடுவையும் முளைக்கும். அதுதான் அடுத்த தலைமுறை. தாயின் தலையில் நின்று தாயிடமே உண்ணும். குடுவை வாயில் பற்கள் வரிசையாக நிற்கும். காற்றின் ஈரம் கூடக் குறைய அவை வளைந்து நிமிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக வித்துத்தூளை வெளியேவிடும். லிவர்வொர்ட்டில் இந்தப் பற்கள் இல்லை. குடுவை பொதுவாக நான்காகப் பிளந்து திறக்கும், உள்ளே திருகுசுருள் போன்ற நுண்நூல்கள் தூளைத் தள்ளிவிடும்.

சரி, கொங்கு நாட்டுக்கு வருவோம். பாசி படிக்க இதைவிடத் தோதான ஊர் அமைவது கஷ்டம். மேற்கே ஆனைமலை, வெள்ளியங்கிரி, நீலகிரி. கிழக்கே சேர்வராயன், கொல்லிமலை. நடுவில் மலைகளின் நிழலில் காயும் சமவெளி. கோயம்புத்தூரில் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல மழை. அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில், வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஈரத்தின் இரண்டு முனைகளும் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கின்றன.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை பஸ்ஸில் இடப்பக்கமோ வலப்பக்கமோ, மலைச்சுவர் வரும் பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். கீழ் வளைவுகளில் பாறை மொட்டை. லைக்கன் வட்டங்களும், விரிசலில் காய்ந்த கரும்புள்ளியாய் ஒன்றிரண்டு மாஸும் தெரியும். குரங்கு அருவிப் பக்கம் மட்டும் சாரல் படும் பாறை திடீரென்று பச்சை. மேலே ஏற ஏற, சாலை வெட்டிய மண்சுவரில் சின்னக் கற்றாழைக் கன்றுகள் போல நிமிர்ந்து நிற்கும் போகோனேட்டம் என்ற மாஸ் வரத் தொடங்கும். அட்டகட்டி தாண்டினால் மரத்தண்டுகள் சட்டை போட்டுக்கொள்ளும். கவர்க்கல்லில் மூட்டம் இறங்கி நிற்கும் இடத்தில் கிளைகளிலிருந்து தாடி போலத் தொங்கும் மாஸ்கள். அதற்கும் மேலே அக்காமலையும் புல்மலையும். அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும். அந்தச் சோலைகளில் மரத்தின் பட்டை எது என்று தெரியாத அளவுக்குப் போர்த்தியிருக்கும்.

மேலே மழை அதிகம், அதனால் பாசி அதிகம் என்று சொல்லி முடித்துவிடலாம் போலத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தாழ்நில வெப்பமண்டல மழைக்காடுகளைப் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு புதிர் காத்திருந்தது. அங்கே மழைக்குப் பஞ்சமில்லை, காற்றில் எப்போதும் ஈரம், மரம் ஏராளம். ஆனாலும் பாசி கொஞ்சமாகத்தான் இருக்கிறது. ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் மீட்டர் உயரத்து மேகக் காடுகளில்தான் அது பெருகுகிறது.

விடை இரவில் இருக்கிறது. ஈரமாக இருக்கும் மாஸ் விழித்திருக்கும் மாஸ். அது இரவும் சுவாசிக்கும். சுவாசத்துக்குப் பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் செலவழிக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் சுவாசச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். தாழ்நிலக் காட்டில் இரவும் புழுக்கம், அதனால் செலவு அதிகம். விடிந்தால் மரநிழலில் வெளிச்சம் போதாது. வெளிச்சம் வரும் நேரத்தில் வெயிலும் வந்து உலர்த்திவிடும். வரவு குறைவு, செலவு அதிகம். கூலிக்காரர் வீட்டுக் கணக்கு மாதிரி, ராத்திரியே பகல் சம்பாத்தியத்தைத் தின்றுவிடுகிறது. பனாமாவின் தாழ்மலை மழைக்காட்டில் கெர்ஹார்ட் ஸோட்ஸும் கூட்டாளிகளும் செய்து 1997-இல் வெளியிட்ட அளவீடுகளில், பகலில் சேர்த்த கார்பனில் பாதிக்கு மேல் இரவுச் சுவாசத்திலேயே போய்விட்டது தெரிந்தது. மலையில் இரவு குளிர்கிறது, செலவு சுருங்குகிறது. மூட்டம் பகலிலும் நின்று ஈரத்தைக் காக்கிறது. வால்பாறைக் குளிரில் நாம் கம்பளியைத் தேடும் அந்த இரவுதான் பாசியின் சேமிப்பு நேரம்.

எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. பாசியை மழைமானி என்று மட்டும் நினைத்திருந்தேன்; வெப்பமானியும் அதற்குள் இருக்கிறது. இரவு வெப்பம் ஏறினாலோ, மூட்டம் நிற்கும் உயரம் மேலே போனாலோ, பெரிய மரங்கள் காட்டிக்கொள்ள நாளாகும். தோல் ஒரு செல் கனமே உள்ள இந்தச் செடிக்கு ஒதுங்க இடம் இல்லை.

லிவர்வொர்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெப்பமண்டலத்தின் உண்மையான செல்வம் அதுதான். ஈரலைப் போல மடல் மடலாக இருப்பதால், ஈரல் நோய்க்கு மருந்து என்று பழங்கால ஐரோப்பியர் நம்பி வைத்த பெயர். அந்த வைத்தியம் நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது. ஓடையோரப் பாறையில் நாக்கு நாக்காய் ஒட்டிக் கிடக்கும் டூமார்ட்டீரா, மார்கான்ஷியா போன்றவை மடல் வகை. சமவெளியிலும் ஒன்று உண்டு: நெல் அறுத்த வயலின் ஈரச் சேற்றில் ஒரு ரூபாய்க் காசு அளவில் கவட்டை கவட்டையாகப் பிரிந்து வட்டமாகப் படரும் ரிக்சியா. ஆனைமலை ஆற்றுப் பாசனத்து வயல்களில் அறுப்பு முடிந்த வாரங்களில் குனிந்து தேடினால் கிடைக்கும்.

மடல் வகையை விட இலை வகை லிவர்வொர்ட்டுகள் பல மடங்கு அதிகம். அவற்றில் லெஜூனியேசி என்ற ஒரு குடும்பத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலும் வெப்பமண்டலத்தில். சில, மற்றச் செடிகளின் உயிருள்ள இலைமேலேயே வாழும். சோலைக்குள் நிழலில் நிற்கும் ஒரு புதரின் முதிர்ந்த இலையைத் திருப்பாமல் அப்படியே வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேல்தோலில் பச்சை மையால் கோலம் போட்டது போல ஓடும். இலை உதிரும் முன் அது வாழ்க்கையை முடித்து வித்தோ மொட்டோ அனுப்பிவிட வேண்டும். மரப்பட்டையில் செம்பழுப்பாகத் தட்டையாய் ஒட்டியிருக்கும் ஃப்ருல்லானியாவின் ஒவ்வொரு இலைக்கு அடியிலும் தலைக்கவசம் போல ஒரு குட்டிப் பை. அதில் தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீரில் நுண்ணுயிர்கள் குடியிருக்கும். ஒரு சதுர அங்குலப் பட்டையில் இத்தனை குளங்கள்!

பூக்கும் தாவரங்கள் துருவத்திலிருந்து நடுக்கோட்டை நோக்கி வர வரப் பெருகும் என்பது பள்ளியில் படித்த பாடம். மாஸ் அந்தப் பாடத்துக்குக் கட்டுப்படவில்லை. 2005-இல் ஷா, காக்ஸ், காஃபினெட் மூவரும் உலகத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அப்படித் தெளிவான ஏற்றம் எதுவும் மாஸில் கிடைக்கவில்லை. லிவர்வொர்ட்டில், அதிலும் லெஜூனியேசியில், வெப்பமண்டலத்தின் கை ஓங்கியே இருக்கிறது. ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வளர்கிற இரண்டு கூட்டங்களுக்கு உலக வரைபடம் இப்படி வேறுபடுவது யோசிக்க வைக்கிறது.

தண்ணீர்ப் பக்கம் வருவோம். நொய்யலும் ஆழியாறும் அமராவதியும் மேற்குமலைக் காடுகளில் பிறந்து நம் வயலுக்கு வருகின்றன. அந்தக் காடுகள் மூட்டத்தையும் மழையையும் வாங்குவதில் பாசிக்கும் பங்கு உண்டு. இதை எடைபோட்டுப் பார்த்தவர் ஹங்கேரியரான தமாஷ் போச். தான்சானியாவின் உலுகுரு மலையில் அவர் செய்து 1980-இல் வெளியிட்ட ஆய்வில், மலையுச்சியின் குட்டை மரக் காட்டில் மரத்தின்மேல் வாழும் செடிகள், பெரும்பங்கு பிரையோஃபைட்டுகள், ஒரு ஹெக்டேருக்கு 14 டன் உலர் எடை இருந்தன. ஒரே மழையில் ஹெக்டேருக்கு 50,000 லிட்டர் வரை அவை தாங்கிப் பிடிக்கும் என்று கணக்கிட்டார். பெரிய தண்ணீர் லாரி 12,000 லிட்டர் பிடிக்கும் என்றால், நாலு லாரித் தண்ணீர் மரத்தின்மேலேயே நிற்கிறது. ஆனைமலைச் சோலைக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். உலுகுரு மிக ஈரமான உச்சி. வேலை செய்யும் விதம் ஒன்றுதான்: அடித்துப் பெய்யும் மழையை ஏந்தி, மெதுவாகச் சொட்டவிடுவது.

தேயிலைத் தோட்டங்களில் கதை வேறு. கவாத்து வெட்டிய பிறகு பழைய தண்டுகளில் போர்த்தியிருக்கும் பாசியைச் சுரண்டி எடுக்கும் வேலை உண்டு, புதுத் தளிர் தடையில்லாமல் வர. தோட்டத்துக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்துப் பழகியவர்கள் சோலை மரத்துப் பாசியையும் அழுக்கென்றே எண்ணிவிடுவது எனக்கு வருத்தம்.

பொள்ளாச்சிக்காரர்களுக்குப் பாசியோடு இன்னொரு தொடர்பும் இருக்கிறது, அவர்களில் பலருக்கே தெரியாமல். குளிர்நாடுகளின் சதுப்புகளில் ஸ்ஃபேக்னம் என்ற மாஸ் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் குவிந்து கரிச்சதுப்பு மண்ணாகிறது. உலக நிலப்பரப்பில் 3 விழுக்காடே உள்ள கரிச்சதுப்புகளில், உலகக் காடுகளின் மரம் செடிகள் அனைத்தும் சேர்த்து வைத்ததைவிட அதிகக் கார்பன் இருக்கிறது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அதை வெட்டித்தான் தொட்டிச் செடிக்குப் போட்டு வந்தார்கள். அதற்கு மாற்றாகப் போவது நம் தென்னை நார்த்தூள். ஒரு காலத்தில் நார் மில் ஓரத்தில் மலைபோல் குவிந்து கிடந்த கழிவு, கட்டியாக அழுத்திக் கப்பலேறி, எங்கோ ஒரு சதுப்பின் பாசியைக் காப்பாற்றுகிறது.

ஆய்வின் வரலாறு பெரும்பாலும் பொட்டலங்களின் வரலாறு. பாசியைப் பூச்செடி போல அழுத்தி ஒட்ட வேண்டியதில்லை. காகித மடிப்பில் உலர்த்தினால் போதும், நூறாண்டு கழித்துச் சொட்டு வெந்நீர் விட்டால் இலை விரியும். ஜெர்மானியரான யோஹான் ஹெட்விக்கின் நூல் அவர் இறந்தபின் 1801-இல் வெளிவந்தது. ஸ்ஃபேக்னம் தவிர்த்த மாஸ்களின் பெயர்க்கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. நம் மலைப் பாசியும் சீக்கிரமே ஐரோப்பா போனது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெரோத்தே நீலகிரியில் சேகரித்து அனுப்பியதை மோந்தாஞ் 1842-இல் பிரான்சில் வெளியிட்டார். 1859-இல் இந்திய மாஸ்களைத் தொகுத்த வில்லியம் மிட்டன், இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில் மருந்துக்கடை வைத்திருந்தவர். அந்த மலைகளை ஒருநாளும் பார்க்காமல் பொட்டலத்தைப் பிரித்தே எழுதினார். அதில் மகத்தான உழைப்பு இருக்கிறது, குறையும் இருக்கிறது. ஒரே இனம் வெயிலில் ஒரு மாதிரியும் நிழலில் ஒரு மாதிரியும் வளரும். துண்டு துண்டாகப் பார்த்தவர்கள் ஒன்றுக்கே பல பெயர் வைத்துவிட்டார்கள். அதைப் பிரித்தெடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. லிவர்வொர்ட்டில் இன்னொரு சிக்கல்: செல்லுக்குள் இருக்கும் எண்ணெய்த் துளிகளின் வடிவம் இனத்தை அடையாளம் காண உதவும், ஆனால் உலர்ந்தால் அவை மறைந்துவிடும். பச்சையாக, ஊரிலேயே பார்த்தால்தான் உண்டு.

அதனால்தான் ஊரில் தங்கிப் பார்த்தவர்களை நான் பெரிதாக மதிக்கிறேன். இந்திய பிரையோஃபைட்டு ஆய்வின் தந்தை என்று சொல்லப்படும் சிவராம் காஷ்யப், மேற்கு இமயமலை, பஞ்சாப் சமவெளி லிவர்வொர்ட்டுகளை 1929-இலும் 1932-இலும் இரண்டு பாகங்களாகத் தந்தார். நமக்குப் பக்கத்தில், உடுமலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் பழனிமலையின் செண்பகனூரில், பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபோரோ பல்லாண்டு தங்கி மாஸ் சேகரித்தார். மாஸ் ஆய்வாளர்களான டிக்சனும் பொத்தியே தெ லா வார்தும் அவர் அனுப்பியவற்றை ஆராய்ந்து, ஒரு பேரினத்துக்கே ஃபோரோவெல்லா என்று பெயர் வைத்தார்கள். பழனிமலை மாஸ்களின் முழுப் பட்டியலை ஃபோரோ 1961-இல் வெளியிட்டார். அண்மைக் காலத்தில் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியின் ஏ. இ. டி. டேனியல்ஸ் 2010-இல் தமிழ்நாடு முழுமைக்கும் பட்டியல் போட்டார். கோயம்புத்தூரில் 1955 முதல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்குள்ள உலர்தாவரத் தொகுப்பின் வரிசைகளுக்கு நடுவில் நின்றால், ஒரு மலையைத் தெரிந்துகொள்ள எத்தனை பேருடைய ஆயுள் வேண்டியிருக்கிறது என்பது புரியும்.

பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ் போதும். சமவெளியில் ஐப்பசி முதல் மார்கழி வரை; வால்பாறையில் ஆடிச் சாரல் தொடங்கியதும். சித்திரையில் வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் உறங்கும் பாசியை. கொல்லிமலை ஆகாய கங்கையின் சாரல் படும் பாறை மட்டும் கோடையிலும் விழித்திருக்கும். காப்புக்காட்டில் எதையும் பறிக்கக் கூடாது, போட்டோ போதும். சொந்தக் கிணற்றுச் சுவரில் தாராளமாக எடுக்கலாம்.

என்னிடம் இப்போது பழைய கல்யாணப் பத்திரிகை உறைகளில் பதினேழு பொட்டலங்கள் இருக்கின்றன. கிணற்றுமேடு, தொட்டி, கூரை, வாய்க்கால் கரைக் கல் என்று எழுதி தேதி போட்டிருக்கிறேன். ஒன்பதுக்குப் பேரினம் வரை பெயர் தெரியும். தொட்டியின் கிழக்கு மூலையில், அமுச்சி கால் வழுக்காமல் இருக்கத் தேங்காய் மட்டையால் தேய்த்துக்கொண்டே இருந்த இடத்தில், இந்தக் கார்த்திகையில் ஒரு லிவர்வொர்ட் வந்திருக்கிறது. மடல் வகை; விரல் நகம் அளவு. அது இன்னும் பொட்டலத்துக்குப் போகவில்லை. எண்ணெய்த் துளிகளைப் பச்சையாகப் பார்க்க, ஒரு மைக்ராஸ்கோப் இரவலாகக் கிடைக்கக் காத்திருக்கிறேன்.